சுடாத அடுப்பும் சூடான ரொட்டியும்

அக்பாவிகோப்பே தொழில்நுட்பக் கல்லூரியின் சமையல் துறைத் தலைவி யாவா அஹியாபோர், அடுப்பே இல்லாமல் பல வருஷம் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தவர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கரும்பலகையில் ஓர் அடுப்பை வரைவார். அதற்குக் கதவு வரைவார். பிறகு டஸ்டரால் கதவை மட்டும் அழித்துவிட்டு, "இப்ப கதவத் திறந்துட்டோம். எல்லாரும் கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க, அனல் அடிக்கும்" என்பார். முதல் வரிசை மாணவிகள் உண்மையாகவே பின்னால் சாய்வார்கள். சாயாதவர்களுக்கு மதிப்பெண் குறையும் என்று ஒரு பேச்சு இருந்தது.

ஆள் குள்ளம். குரல் மட்டும் காயலின் அக்கரையில் வலை உலர்த்துபவர்களுக்கும் கேட்கும். வியாழக்கிழமை பிறந்த பெண் என்பதால் யாவா என்று பெயர். ஊரில் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் தலைநகர் அக்ராவின் தெருப்பேச்சில் யாவா என்றால் மானம் போவது, மூக்கு உடைபடுவது. இளம் வயதில் அக்ராவில் ஒரு பெரிய ஹோட்டலின் ரொட்டிப் பிரிவுக்கு வேலை கேட்டுப் போனபோது, "யாவா" என்று பெயரைச் சொன்னதும் மேலாளர், "ஐயோ, யாருக்கு?" என்று கேட்டாராம். அந்த ஹோட்டலில் மாவு பிசைந்து, பெரிய பெரிய அடுப்புகளை ஆண்டு, நல்ல பெயர் எடுத்த பிறகுதான், தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய சேத் என்பவரைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். கல்லூரியில் வேலை காலியாக இருந்தது. "அடுப்பு அடுத்த பட்ஜெட்ல வந்துடும்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

பட்ஜெட்டுகள் வந்தன, போயின. பள்ளி முடித்து வந்து மூன்று வருஷம் படித்து டிப்ளமோ வாங்கும் பிள்ளைகளுக்காக அரசாங்கம் அனுப்புகிற பணம் ஆசிரியர் சம்பளத்தோடு தீர்ந்துவிடும். மிச்சத்தில் சாக்பீஸ் வாங்கலாம். மாவையும் சர்க்கரையையும் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒருமுறை யாவா முதல்வர் டாக்டர் அட்ஸிமாவின் அறைக்குள் புகுந்து சண்டை போட்டார்.

"டாக்டர், அரசாங்கம் இந்தத் துறைக்குன்னு எதுதான் செலவு பண்ணுது?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களத்தான் மேடம். இந்தத் துறைக்கு அரசாங்கம் செஞ்ச ஒரே செலவு நீங்கதான். பிள்ளைங்க உங்களப் பாத்தே கத்துக்கட்டும்."

யாவா வெளியே வந்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். சேத் அக்ப்ளே களியை வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்தபடி, "நல்ல மரியாதையாத்தான் சொல்லியிருக்கார்" என்றார். அன்று அவருக்கு இரண்டாவது மீன் கிடைக்கவில்லை.

பிறகு, நாட்டின் எதிர்காலமே தொழிற்கல்வியில்தான் இருக்கிறது என்று வானொலியில் ஆள் மாற்றி ஆள் பேசிய ஒரு வருஷம் வந்தது. வெளிநாட்டுக் கடன் ஒன்று கிடைத்திருக்கிறது, எல்லாக் கல்லூரிகளுக்கும் புது இயந்திரங்கள் வரப்போகின்றன என்றார்கள். யாவா நம்பவில்லை. நம்பாமலே இருந்த ஒரு சந்தை நாளில் லாரி வந்து நின்றது.

நீளமான மரப்பெட்டிகள். மீன்காரிகள் கூடையைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். "இவ்ளோ பெரிய சவப்பெட்டியா? செத்தது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "காலேஜ்ல யாரோ. படிச்சவங்க, பெருசாத்தான் போவாங்க" என்றாள் இன்னொருத்தி. லாரி கல்லூரிக்குள் நுழைவதற்குள் சந்தையில் பாதிப்பேர் துக்கம் கேட்கப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

பெட்டிகளை உடைத்ததும் உள்ளேயிருந்து நான்கு மின்னடுப்புகள் வெளிவந்தன. துக்கம் கேட்க வந்தவர்களே கை தட்டினார்கள். எஃகு உடம்பு, கண்ணாடிக் கதவு, வரிசையாகப் பொத்தான்கள். வகுப்பறை வாசல் வழியாக அவை நுழையவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை இடித்து உள்ளே தள்ளினார்கள். யாவா தன் மேல்துணியை அவிழ்த்து ஒவ்வோர் அடுப்பையும் துடைத்தார். துடைக்கும்போது பாடினார். அவர் பாடுவதை மாணவிகள் அன்றுதான் முதலில் கேட்டார்கள். சேத் ஏன் அவரைப் பாடகர் குழுவில் சேர்க்கவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது.

கல்லூரியின் மின்பணியாளர் கோமி அடுப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எஃபோ கோமி, என்ன தேடறீங்க?" என்றார் யாவா. மரியாதைக்காக ஆணை எஃபோ என்றும் பெண்ணை தாவி என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

"தேடல தாவி. எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கறேன். இது த்ரீ ஃபேஸ்."

"அதனால என்ன?"

"நம்ம காலேஜுக்கு வர்றது ஒரே ஃபேஸ். அதுலயும் முதல்வர் ரூம்ல ஏசி போட்டா லைப்ரரில லைட்டு மங்குது."

"எப்படியாவது இழுத்துக் குடுங்களேன்."

"குடுக்கலாம். ஊரே இருட்டாயிடும். அப்புறம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க."

ஒரு மின்மாற்றி வேண்டும். யாவா அமைச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கிருந்த அதிகாரி மிகவும் பணிவானவர். "மேடம், நாங்க அடுப்பு மட்டும்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் மின்சாரக்காரங்க வேலை" என்றார். மின்சாரக்காரர்களும் பணிவானவர்களே. "அடுப்பு வாங்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்" என்று வருத்தப்பட்டார்கள். இரண்டு பக்கமும் அவருக்கு இறைவன் ஆசி கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத் தொலைபேசியை வைத்தார்கள்.

அடுப்புகள் அப்படியே நின்றன. யாவா பாடத்தை நிறுத்தவில்லை. "இப்ப இந்தப் பொத்தான அமுக்கறோம்" என்பார். மாணவிகள் வரிசையாக வந்து அமுக்குவார்கள். "சூடாயிடுச்சு" என்பார். கரும்பலகையில் வரைகிற வேலை மட்டும் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் துணை அமைச்சர் வந்து அடுப்புகளைத் திறந்து வைக்கப்போகிறார் என்ற சேதி வந்தது. டாக்டர் அட்ஸிமா யாவாவை அழைத்தார். ஏசி போட்டிருந்தும் அவருக்கு வியர்த்திருந்தது.

"மேடம், மாண்புமிகு கையால அடுப்புலேருந்து ரொட்டி எடுக்கணும். டிவிக்காரங்க வர்றாங்க."

"கரண்ட் இல்லயே டாக்டர்."

"கரண்ட் இருக்கான்னு யாரும் கேக்கல. ரொட்டி இருக்குமான்னுதான் கேட்டாங்க. இருக்கும்னுட்டேன்."

"வர்றவர்கிட்ட உள்ளதச் சொல்லி ட்ரான்ஸ்ஃபார்மரக் கேட்டுடலாமே."

"பந்தல் போட்டு, ஊர்த் தலைவர உக்கார வச்சு, கேமரா முன்னாடி 'ஐயா, நீங்க வாங்கின அடுப்பு எரியாது'ன்னு சொல்லச் சொல்றீங்களா? முதல்ல சந்தோஷப்படுத்துவோம். சந்தோஷமா இருக்கறப்ப கேட்டா இல்லேங்க மாட்டார்."

யாவா பாதி நம்பினார். மீதிப் பாதிக்கு வேறு வழி தெரியவில்லை.

ரொட்டி எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். கல்லூரியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அஃபி என்பவளின் மண் அடுப்பு இருந்தது. யானை படுத்திருப்பதுபோல் பெரிய அடுப்பு. ஊரில் பாதி வீட்டுக்குக் காலை ரொட்டி அங்கிருந்துதான். அஃபி ஒரு காலத்தில் யாவாவின் மாணவி. இரண்டாம் வருஷம், கரும்பலகை அடுப்பின் கதவு திறந்தபோது பின்னால் சாய மறுத்து, "எனக்கு அனல் அடிக்கல மேடம்" என்று எழுந்து போனவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. யாவா மறுபக்கத் தெருவைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார். ரொட்டியைக்கூட அடுத்த ஊரிலிருந்து வரவழைத்தார்.

இப்போது சுவரைச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றார்.

"வாங்க தாவி. வழி தப்பிடுச்சா?" என்றாள் அஃபி, மாவிலிருந்து கையை எடுக்காமல்.

"சுகர் ப்ரெட் வேணும். நாலு தட்டு. சுடச்சுட."

"உங்ககிட்டதான் நாலு அடுப்பு வந்திருக்கே? அன்னைக்கு ராத்திரியே கொத்தனார் வந்து சொன்னாரே, சொர்க்கத்துல இருக்கற மாதிரி இருக்குன்னு."

"அஃபி, குத்திக் காட்டாத. நெலம தெரிஞ்சுதான் கேக்கற."

அஃபி ஒரு மாவு உருண்டையைப் பலகையில் அறைந்தாள். "தர்றேன். ஆனா எனக்கு முன்வரிசைல நாற்காலி வேணும். மாண்புமிகுவோட போட்டோ வேணும். அப்புறம் நீங்க உங்க வாயால, நான் காலேஜோட வருகைதரு விரிவுரையாளர்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"ரெண்டாம் வருஷத்துல ஓடினவ நீ!"

"ஓடினதாலதான் ரொட்டி இருக்கு தாவி. இருந்திருந்தா நானும் உங்கள மாதிரி படம் போட்டுட்டு இருந்திருப்பேன்."

யாவாவுக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "சரி, விரிவுரையாளர்" என்றார்.

விழா நாள் காலை பின்சுவரில் ஒரு செங்கல் வரிசையை எடுத்து வழி செய்தார் கோமி. துணை அமைச்சரின் கார்கள் சந்தையைத் தாண்டியதாகச் செய்தி வந்ததும், தட்டுகள் அந்த வழியாகக் கை மாறி அடுப்புக்குள் போயின. வெறும் ரொட்டி இருந்தால் போதாது, கதவைத் திறந்தால் சூடு வரவேண்டும் என்று அஃபியின் அடுப்பில் சுட்ட கற்களைத் தகரத்தில் போட்டு அடியில் வைத்தது கோமியின் யோசனை. உள்ளே விளக்கு எரிய வேண்டும் என்று எமர்ஜென்சி லைட்டை மூலையில் செருகியதும் அவரே. இரண்டு யோசனையும் தனித்தனியே நல்லவைதான். ஒன்றாக வைத்ததுதான் தவறு.

துணை அமைச்சர் நல்ல உயரம், நல்ல சிரிப்பு. வெள்ளை அங்கி. அடுப்பின் முன் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்ன வாசனை இது? பிளாஸ்டிக் உருகற மாதிரி?"

"புது மெஷின் சார். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் யாவா.

"சத்தமே வரலயே?"

"உசந்த ரகம் சார். சத்தம் போடாது."

அவர் கதவைத் திறந்தார். வெந்த சர்க்கரையும் வெண்ணெயும் மணக்கும் ரொட்டித் தட்டு. கூட்டம் ஆரவாரம் செய்தது. அமைச்சர் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்றைப் பிய்த்தார். கேமராக்காரர், "சார், இந்தப் பக்கம்" என்றதுகூட அவர் காதில் விழவில்லை. மூன்றாவது துண்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்:

"அருமை! இன்னொரு தட்டு உள்ள வைங்க. என் கண் முன்னாடி சுடுங்க. நான் காத்திருக்கேன்."

டாக்டர் அட்ஸிமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். யாவா கூட்டத்தின் தலைகளுக்கு மேல் எக்கிப் பார்த்தார். அங்கே தேவாலய வாத்தியக் குழுவோடு சேத் நின்றிருந்தார். இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனிதர். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கையை உயர்த்தினார். நாட்டுப்பண் முழங்கியது.

அமைச்சர் விறைத்து நின்றார். எல்லோரும் நின்றார்கள். நாட்டுப்பண் முடிந்த வேகத்தில், மூச்சுவிட இடம் தராமல், சேத் ஒரு துதிப்பாடலுக்குத் தாவினார். அதில் எத்தனை சரணங்கள் உண்டோ அத்தனையும். மூன்றாம் சரணத்தில் ஊர்த் தலைவரே உட்கார்ந்துவிட்டார். தாரை ஊதியவருக்கு உதடு வீங்கியது. கடைசிச் சரணம் முடிந்தபோது பாதுகாப்பு அதிகாரி அமைச்சரின் காதில் நேரமாகிவிட்டதைச் சொன்னார். அஃபி மட்டும் போட்டோ எடுக்காமல் விடமாட்டேன் என்று காரை மறித்தாள்.

"இவங்க யாரு?" என்று கேட்டார் அமைச்சர்.

யாவா பல்லைக் கடித்துக்கொண்டு, "வருகைதரு விரிவுரையாளர் சார்" என்றார்.

கார் கிளம்பும் நேரம் பார்த்து முதல்வர் ஜன்னலருகே குனிந்தார். "மாண்புமிகு, ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர்..."

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது!"

"இன்னும் நல்லா ஓடும் சார்."

"பேராசப்படாதீங்க டாக்டர். இருக்கறத வச்சே இப்படிச் சுடற உங்களுக்கு எதுக்கு மேல? கஷ்டப்படற காலேஜுக்குக் குடுப்போம்." அவர் மடியில் ஒரு பை ரொட்டி இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தொலைக்காட்சியில் ரொட்டியைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கடன் கொடுத்த நாட்டுக்காரர்கள், நாடாளுமன்றக் குழு, பக்கத்து நாட்டு அதிகாரிகள். ஒவ்வொரு தடவையும் கல், விளக்கு, வாத்தியக் குழு. விளக்கை மட்டும் கற்களிலிருந்து தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அஃபி, ஆள் வராத நாளிலும் துறை அறைக்கு வந்து யாவாவின் நாற்காலியில் உட்கார்ந்து, "என் மேசை எங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். சேத்தின் குழு நாட்டுப்பண்ணைத் தூக்கத்திலும் வாசித்தது.

யாவாவுக்கு இதெல்லாம் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வலித்தது வேறொரு நாளில். தேர்வு நெருங்கியிருந்தது. மில்லிசென்ட் என்ற மாணவி கையைத் தூக்கினாள். நல்ல பிள்ளை, கேலி தெரியாதவள்.

"மேடம், அடுப்ப எப்படிச் சூடாக்கணும்னு பரீட்சைல கேட்டா, கல்ல எத்தன நேரம் முன்னாடி வைக்கணும்னு எழுதணும்?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் யாவாவைச் சுட்டது. எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு முதல்வரைக் கேட்காமலே அமைச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அடுப்பு நாலும் ரிப்பேர். ஆள் அனுப்புங்க."

இதற்கு மட்டும் ஆள் வந்தார். ஃபீஃபி என்ற இளைஞர். அக்ராவிலிருந்து ட்ரோட்ரோ என்ற ஷேர் வேனில் மூட்டைகளுக்கு நடுவே மடங்கி வந்து இறங்கினார். முதல் அடுப்பின் கதவைத் திறந்தார். உள்ளே கூழாங்கற்கள், ரொட்டித் தூள், எறும்பு வரிசை, உருகிய பிளாஸ்டிக். கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"நீங்க கல்லா?" என்றார்.

"என்னது?"

"இல்ல மேடம், போன வாரம் போன காலேஜ்ல உள்ள கரியடுப்ப வச்சிருந்தாங்க. அதுக்கு முந்தின எடத்துல, மெழுகுவத்தி. வடக்க ஒரு எடத்துல கோழி அடகாக்குது. திறந்தா கொத்த வருது."

யாவா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப யார்கிட்டயும்..?"

"ஒருத்தர்கிட்டயும் த்ரீ ஃபேஸ் இல்ல. ஆனா எல்லாரும் அமோகமா ஓடுதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல நாட்டுலயே வெற்றிகரமான திட்டம் இதுதான்."

"நீ போய் உள்ளதச் சொல்லேன்ப்பா."

"நான் சொன்னா, கெடுத்தவன் நான்னு ஆயிடும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு மேடம்." ஃபீஃபி ஒரு சுகர் ப்ரெட்டைச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்றும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அந்த மழைக்காலத்தில் அக்ராவில் எல்லாத் தொழில்நுட்பக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களையும் கூட்டி விருது கொடுத்தார்கள். இயந்திரங்களைச் சிறப்பாகப் பயன்படுத்திய கல்லூரி, அக்பாவிகோப்பே. டாக்டர் அட்ஸிமா புது கோட் தைத்திருந்தார். யாவா நல்ல கென்டே துணி உடுத்தியிருந்தார். மண்டபம் குளிர்ந்து கிடந்தது. அத்தனை ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுகிறது, விளக்கு மங்கவில்லை என்பதை யாவா கவனித்தார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "யாவா அஹியாபோர்." பின்வரிசை அக்ராக்காரர்கள் சிலர் பெயரைக் கேட்டதும் இளித்தார்கள். மேடையில் துணை அமைச்சர் இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார். "நம்ம ரொட்டி மேடம்! ரெண்டு வார்த்த பேசுங்க."

யாவா மைக்கைப் பிடித்தார். அது அவருக்குத் தேவையில்லாத பொருள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் அவரும் கடைசிவரை நினைத்திருந்தார். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"மாண்புமிகு, என் அடுப்பு இதுவரைக்கும் ஒரு நாள்கூடச் சூடானதில்ல."

மண்டபத்தில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

"கரண்ட் பத்தாது சார். த்ரீ ஃபேஸ் வேணும், எங்களுக்கு ஒண்ணுதான் வருது. அன்னைக்கு நீங்க எடுத்த ரொட்டி பக்கத்து மண் அடுப்புல சுட்டது. சூடு, கல்லோடது. வெளிச்சம், எமர்ஜென்சி லைட்டோடது. பாட்டு மட்டும் நெசம், அது என் வீட்டுக்காரரோடது. எங்க புள்ளைங்க மூணு வருஷம் படிச்சிட்டு, கல்ல எத்தன நேரம் வைக்கணும்னு கேக்குதுங்க சார். எனக்குப் பதில் தெரியல."

முதல்வர் அட்ஸிமா புது கோட்டுக்குள் சுருங்கினார். பின்வரிசையில் ஒருவர், "யாவாவே யாவா ஆயிட்டாங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. அமைச்சர் சிரிக்கவில்லை.

"இது உங்க காலேஜ்ல மட்டும் உள்ள பிரச்சனையா மேடம்?" என்றார். குரல் குளிர்ந்திருந்தது.

யாவா கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தங்கள் தண்ணீர்ப் பாட்டிலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஃபீஃபி சொன்னது பொய்யாக இருந்தால் தன் கதை முடிந்தது என்று நினைத்தார். கால் நடுங்கியது. அப்போது நடுவரிசையிலிருந்து வடக்குக் கல்லூரிக்காரர் ஒருவர், நெடிய மனிதர், எழுந்தார்.

"எங்க அடுப்புல கோழி இருக்குங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "பொரிச்சிடுச்சு. இப்ப குஞ்சும் இருக்கு" என்றார்.

அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த ஓர் அம்மாள் எழுந்து, "எங்களோடது மெழுகுவத்தி!" என்று கத்தினார். இன்னொருவர், "நாங்க பரீட்சப் பேப்பரப் பூட்டி வைக்கறோம். நல்ல பூட்டு" என்றார். ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். சிரித்துச் சிரித்துச் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அமைச்சர் மேடையில் தனியாக நின்றார். கோபப்படலாமா என்று யோசித்தவர்போல் இருந்தது. கடைசியில் யாவா பக்கம் குனிந்து, மைக்கில் கேட்காதபடி கேட்டார்: "அப்ப அந்த ரொட்டி சுட்டது?"

"அஃபி சார். போட்டோ எடுத்தாளே."

"விரிவுரையாளரா?"

"இல்ல சார்."

"ம்." அவர் நிமிர்ந்தார். "அது நல்ல ரொட்டி."

ஊர் திரும்பிய பிறகு டாக்டர் அட்ஸிமா அடுத்த பருவம் முழுக்க யாவாவிடம் நேரே பேசவில்லை. எதிரே நின்றுகொண்டே, "கோமி, மேடத்துக்கிட்ட சாவியக் குடுக்கச் சொல்லு" என்பார். "எஃபோ கோமி, சாவி மேசைலதான் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்பார் யாவா. நடுவில் நிற்கும் கோமி இரண்டு பக்கமும் தலையாட்டுவார். விருதை அமைச்சகம் திரும்பக் கேட்கவில்லை. அதை எந்தத் துறை திரும்ப வாங்க வேண்டும் என்று முடிவாகவில்லையாம்.

குழு போட்டார்கள். குழு சுற்றுப்பயணம் போனது. வடக்கே ஒருவரைக் கோழி கொத்தியது. அதன் பிறகு வேலை கொஞ்சம் வேகமாக நடந்தது என்று பேச்சு. மின்மாற்றிகள் ஒவ்வொரு கல்லூரியாக வந்தன. அக்பாவிகோப்பேவுக்குக் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வந்தது. உண்மையைச் சொன்னவர்களுக்கு முதலில் கொடுத்தால் எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று யாரோ பயந்திருக்க வேண்டும்.

முதன்முதலாக அடுப்பு ஓடிய நாளில் அது போட்ட சத்தத்தில் யாவா சொன்ன எதுவும் யாருக்கும் கேட்கவில்லை, அவர் குரலுக்கே அந்தக் கதி. முதல் தட்டு கருகியது. இரண்டாவது தட்டு ஒரு பக்கம் வெந்தது, ஒரு பக்கம் மாவாக இருந்தது. யாவா அதை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். மில்லிசென்ட் மாவுப் பக்கத்தையும் தின்றாள்.

அஃபி இரண்டு வாரம் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, விட்ட இடத்திலிருந்து படிக்க இடம் கேட்டாள். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் செய்தாள். "இது ரொட்டி சுடற மாதிரி இல்ல தாவி, பொணத்தச் சூடு பண்ற மாதிரி இருக்கு" என்பாள். "வகுப்புல மேடம்னு கூப்பிடு" என்பார் யாவா. "அப்ப நீங்களும் என்ன விரிவுரையாளர்னு கூப்பிடுங்க" என்பாள் அவள்.

இதற்குள் யாவாவின் பெயர் கல்லூரிக்குள் வேறு விதமாகப் பரவிவிட்டது. ஒரு மதியம், வெல்டிங் துறைத் தலைவர் க்வாமி தயங்கித் தயங்கி வந்து நின்றார். அவர்கள் துறைக்கு வந்த இயந்திரத்துக்கு வாயு உருளை இந்த நாட்டிலேயே கிடைப்பதில்லை. அவருக்குப் பின்னால் தையல் துறை அம்மாள், அவருக்குப் பின்னால் மோட்டார் துறைக்காரர். கதவுக்கு வெளியே இன்னும் யாரோ.

"மேடம், அடுத்த மாசம் மந்திரி கூட்டம் இருக்காம்" என்றார் க்வாமி. "எங்களுக்காகவும் ஒரு தடவ எழுந்து உள்ளதச் சொல்லிடுங்களேன். உங்களுக்குப் பழக்கம்தானே."

யாவா தட்டிலிருந்த ரொட்டியை நறுக்கிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எழுந்திரிங்க எஃபோ. நான் பக்கத்துல உக்காந்து உங்க கோட்டப் பிடிச்சுக்கறேன். கால் நடுங்கும், அது தெரியாது" என்று சொல்லி, அவர் கையில் ஒரு துண்டு ரொட்டியை வைத்தார்.